ஆமையின் குளிர்காலம்: விழித்திருக்க விடுவதா, உறங்க வைப்பதா?

நிலத்தில் வாழும் ஆமையைக் குளிர் நாட்டில் வளர்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்த இனத்தை வாங்கலாம், எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், என்ன தீனி கொடுக்கலாம் என்ற கேள்விகளோடு தொடங்குகிறார்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒன்பது குளிர்காலங்களை ஓர் ஆமையோடு கழித்தவள் என்ற முறையில், அவற்றுக்கெல்லாம் முன்பாகத் தீர்க்க வேண்டிய கேள்வி வேறு என்பேன். அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அந்த உயிர் எங்கே, எந்த வெப்பநிலையில் இருக்கப் போகிறது என்பதை முடிவு செய்துவிட்டால் இனம், தொட்டி, தீனி, செலவு எல்லாம் அதன் பின்னால் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

ஆமை தன் உடம்புக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத உயிர். மத்தியதரைக் கடலோரத்து இனங்கள் வெயில் காய்ந்து உடம்பை 30 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றிக்கொண்டால்தான் தின்ற இலை செரிக்கும். நோயை எதிர்க்கும் ஆற்றலும் அப்போதுதான் முழுமையாக வேலை செய்யும். அதே உடம்பு 5 டிகிரிக்கு இறங்கினால், இதயத் துடிப்பும் மூச்சும் மிக மெதுவாகி, சேர்த்து வைத்த சத்தில் மிகக் கொஞ்சத்தைச் செலவழித்துக்கொண்டே வாரக்கணக்கில் உறங்கும். இந்த இரண்டு நிலைகளுமே அதற்கு இயல்பானவை. கெடுதல் நடுவில் இருக்கிறது. நாள் முழுவதும் 12 முதல் 18 டிகிரிக்குள் கிடக்கும் ஆமையால் உறங்கவும் முடியாது, உண்டதைச் செரிக்கவும் முடியாது. உடம்பிலுள்ள நீர் வற்றும், சேமிப்பு கரையும், குடலில் தங்கிய தீனி அழுகும். வெப்பமூட்டியை நாளின் பெரும்பகுதி அணைத்து வைக்கும் கூடம், கண்ணாடி வேய்ந்த முன்னறை, தோட்டத்துக் கொட்டகை என்று வட நாட்டு வீடுகளில் நமக்கு எளிதாகக் கிடைக்கும் இடங்கள் பலவும் இந்த இரண்டுங்கெட்டான் சூட்டில்தான் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு வழியையும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்கிறேன்: அது ஆமையை முழுமையாக விழித்திருக்க வைக்கிறதா, முழுமையாக உறங்க வைக்கிறதா, அல்லது நடுவில் தொங்க விடுகிறதா?

சில இனங்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியைச் சேர்ந்த சல்காட்டா, அதே கண்டத்தின் கிழக்கிலும் தெற்கிலும் வாழும் சிறுத்தை ஆமை, தென் அமெரிக்காவின் செங்கால் ஆமை ஆகியவை குளிர்கால உறக்கம் அறியாதவை. அவற்றை ஆண்டு முழுவதும் விழிப்பில், வெப்பத்தில் வைத்தே ஆக வேண்டும். கடையில் உள்ளங்கையில் அடங்கும் சல்காட்டாக் குஞ்சு, வளர்ந்தால் 40 கிலோவையும் தாண்டக்கூடிய விலங்கு. அதற்கு ஆறு மாதம் சூடேற்றிய தனி அறை வேண்டும் என்பதை வாங்கும் நாளில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஸ்காட்லாந்திலோ கனடாவிலோ வாழும் குடும்பத்துக்கு அந்த இனத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

நம்மவர்கள் கேட்கும் நட்சத்திர ஆமையும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. தமிழ்நாடு, ஆந்திரம், இலங்கையின் வறண்ட பகுதிகள் ஆகியவற்றின் புதர்க்காடுகளில் பிறந்த அந்த உயிரை ஊர் நினைவாக வளர்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. சிறு வயதில் எங்கள் ஊர் வேலியோரத்தில் அதைப் பார்த்தவள் நான். ஆனால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி இந்தியாவில் அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். 2019இல் அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கு, அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புக்கு, அது உயர்த்தப்பட்டது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் நெருக்கி அடைக்கப்பட்ட நட்சத்திர ஆமைகள் பிடிபட்ட செய்திகளை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். வெளிநாட்டில் மலிவாகவும் ஆவணமின்றியும் கிடைக்கும் நட்சத்திர ஆமை அப்படியொரு பெட்டியிலிருந்து தப்பி வந்ததாக இருக்கக்கூடும். அதை வாங்காமல் இருப்பதே அதற்கு நாம் செய்யும் நன்மை.

உறக்கம் அறிந்த இனங்கள் என்று பார்த்தால் ஹெர்மன் ஆமை, தொடையில் முள் போன்ற புடைப்பு உள்ள கிரேக்க ஆமை, ஓட்டின் பின்விளிம்பு பாவாடை போல விரிந்த மார்ஜினேட்டட் ஆமை, நடு ஆசியப் புல்வெளிகளின் ஹார்ஸ்ஃபீல்டு ஆமை ஆகிய நான்கும் வட நாட்டு வீடுகளில் அதிகம் காணப்படுகின்றன. முதல் மூன்றையும் காட்டிலிருந்து பிடித்து இறக்குமதி செய்து விற்பது ஐரோப்பியச் சமூக நாடுகளில் 1984இல் நிறுத்தப்பட்டது. இன்று பிரிட்டனில் அவற்றை விற்கவும் வாங்கவும் தனிச் சான்றிதழ் வேண்டும். ஹார்ஸ்ஃபீல்டு ஆமைக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்பதால் கடைகளில் அதுவே மிகுதி.

ஹார்ஸ்ஃபீல்டு ஆமை வலிமையானது என்ற பெயர் பெற்றது. 1968 செப்டம்பரில் சோவியத் ஒன்றியத்தின் சோண்ட் 5 விண்கலத்தில் நிலவைச் சுற்றிவிட்டு உயிரோடு பூமிக்குத் திரும்பியவை அந்த இனத்தைச் சேர்ந்த இரண்டு ஆமைகள். கசக்ஸ்தானின் கடுங்குளிரிலும் கொடுங்கோடையிலும் ஆழமாக வளை தோண்டிப் படுத்து, ஆண்டில் சில மாதங்களே வெளியே நடமாடி வாழும் இனம் அது. ஆனால் அந்த வலிமை வறண்ட குளிரைத் தாங்கும் வலிமை. ஸ்காட்லாந்தின் ஈரமான, பாதி வெப்பமும் பாதிக் குளிருமான இலையுதிர்காலம் அதற்குப் பழக்கமில்லாதது. நனைந்த மண்ணில் அதற்கு மூக்கொழுக்கும் நுரையீரல் நோயும் எளிதில் வரும். நானாகத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தால் பால்கன் பகுதியைச் சேர்ந்த ஹெர்மன் ஆமையையே எடுப்பேன். மழையும் உறைபனியும் அதன் தாயகத்திலேயே உண்டு. உடம்பும் நடுத்தர அளவானது.

எனக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வரவில்லை. எதிர் வீட்டு மூதாட்டி முதியோர் இல்லத்துக்குப் போனபோது, 1960களில் அவருடைய தந்தை சந்தையில் வாங்கி வந்த கிரேக்க ஆமையை எங்களிடம் ஒப்படைத்தார். என் பிள்ளைகள் அன்றே அதற்குப் பாட்டி என்று பெயர் வைத்தார்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஊரிலிருந்து தொலைபேசியில் என் மாமியார் எச்சரித்தார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று முதல் கோடை முழுவதும் அதைத் தோட்டத்திலேயே வைத்திருந்தோம். குளிர்காலத்துக்கு, அந்த மூதாட்டி ஐம்பது ஆண்டுகளாகச் செய்ததையே நாங்களும் செய்தோம்: தேயிலைப் பெட்டி ஒன்றில் கிழித்த செய்தித்தாளை நிரப்பி, ஆமையை நடுவில் வைத்து, தோட்டக் கொட்டகையின் மேல் தட்டில் ஏற்றினோம்.

ஜனவரி நடுவில் ஒரு வாரம் தென்மேற்குக் காற்று அடித்து வெளியே 13 டிகிரி வரை போனது. அந்த வாரத்தின் மூன்றாம் நாள் கொட்டகைக்குள் நுழைந்தபோது அட்டையைப் பிராண்டும் சத்தம் கேட்டது. பெட்டியைத் திறந்தால் பாட்டி கண்ணைப் பாதி திறந்து முன்காலால் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. பெட்டியின் ஒரு மூலை நனைந்திருந்தது. உறக்கத்தில் ஆமை சிறுநீர் கழிப்பது எவ்வளவு மோசமான அறிகுறி என்பது அன்று எனக்குத் தெரியாது. சிறுநீர்ப்பையில் உள்ள நீர்தான் குளிர்காலத்துக்கு அது எடுத்துச் செல்லும் குடம்; அது கொட்டிவிட்டால் உடனே எழுப்பி, வெதுவெதுப்பான நீரில் உட்கார வைத்துக் குடிக்கச் செய்ய வேண்டும். நானோ மூடியை மறுபடி மூடிவிட்டேன். பத்து நாள் கழித்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனபோது, அக்டோபரில் 1,860 கிராம் இருந்த உடம்பு 1,610 கிராம்தான் இருந்தது. குழாய் வழியே நீரும் உணவும் கொடுத்து மூன்று வாரம் போராடிய பிறகு தானாக ஓர் இலையைக் கடித்தது. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணம் அந்த மூன்று வாரங்கள்.

கொட்டகைப் பெட்டி என்ற முறையின் குறை இதிலிருந்து விளங்கும். வெளிக்காற்று எப்படியோ பெட்டியும் அப்படியே. பிரிட்டனில் பலரும் உறைபனியைக் கண்டு அஞ்சுகிறார்கள். உறைபனி ஆமையின் கண்ணையும் காலையும் கெடுக்கும், உயிரையும் எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெட்டியைச் சுற்றிப் போதிய அடைப்புப் பொருள் வைத்து ஓரளவு அதைத் தடுக்கலாம். தடுக்க முடியாதது நடுவில் வரும் இதமான வாரம். அதோடு எலித் தொல்லையும் சேரும். உறங்கும் ஆமையின் காலை எலி கடித்துத் தின்றுவிடும், ஆமையால் எழுந்து ஓட முடியாது. அந்த மூதாட்டியின் ஆமை ஐம்பது ஆண்டு இப்படிப் பிழைத்ததே என்று கேட்கலாம். அதே ஆண்டுகளில் பிரிட்டனுக்குக் கப்பலில் வந்த ஆமைகளில் ஏராளமானவை முதல் குளிர்காலத்தையே தாண்டவில்லை. பிழைத்தவற்றைத்தான் நாம் பார்க்கிறோம்.

டொராண்டோவில் கதை வேறு. அங்கே கார் நிறுத்தும் கொட்டகை ஜனவரியில் உறைநிலைக்கு வெகு கீழே போய்விடும் என்பதால் அது கணக்கிலேயே இல்லை. ஆனால் ஒன்டாரியோ வீடுகள் பலவற்றில் வாசற்படிக்கு அடியில், நிலவறையை ஒட்டிக் கான்கிரீட் சுவரால் ஆன குளிர் அறை ஒன்று உண்டு. நம் வீடுகளில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஊறுகாய்ச் சாடியும் இருக்கும் அறை அது. ஸ்கார்பரோவில் வாழும் என் தங்கை தன் ஹெர்மன் ஆமையை அங்கே உறங்க வைக்கலாமா என்று கேட்டபோது, மீச்சிறு, மீப்பெரு வெப்பநிலையைக் குறித்து வைக்கும் வெப்பமானியை ஒரு முழுக் குளிர்காலம் அந்த அறையின் தரையில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஜனவரி, பிப்ரவரியில் 4 முதல் 7 டிகிரிக்குள் நின்றது. நவம்பரில் 12 டிகிரி. ஆகவே டிசம்பர் கடைசிக்குப் பிறகு, அதுவும் எட்டு வாரத்துக்கு மட்டுமே அந்த அறை பயன்படும். காற்று வரும் குழாயை உறைபனிக் காலத்தில் அடைக்கவும் வேண்டும். வீட்டுக்கு வீடு இது மாறும் என்பதால் அளக்காமல் நம்பக் கூடாது.

தோட்டத்திலேயே மண்ணுக்குள் உறங்க விடலாம் என்பவர்கள் பெரும்பாலும் கில்பர்ட் வைட் என்ற பாதிரியாரின் ஆமையைச் சான்று காட்டுவார்கள். இங்கிலாந்தின் தெற்கில் உள்ள செல்போர்னில், 1780 முதல் அவருடைய தோட்டத்தில் வாழ்ந்த டிமத்தி என்ற ஆமை தானே குழி தோண்டிப் புதைந்து, வசந்தத்தில் தானே வெளிவந்து, அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டான 1794 வரை உயிரோடு இருந்தது. அந்த ஆமையைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் பொறுமையான கண்ணின் வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் செல்போர்னின் சுண்ணாம்பு நிலத்தையும் எடின்பரோவின் களிமண்ணையும் ஒன்றாக வைக்க முடியாது. இங்கே நவம்பரில் அரை அடி தோண்டினால் தண்ணீர் ஊறுகிறது.

அதைவிடச் சிறந்தது ஜெர்மனியின் ஆமை வளர்ப்போரிடையே பரவலாக உள்ள முறை: நெகிழித் தகடு வேய்ந்த சிறு பசுமைக்குடில் ஒன்றைத் தோட்டத்தில் வைத்து, உள்ளே வெப்ப விளக்கும், சூட்டை வேண்டிய அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் பொருத்தி, ஆமை தன் விருப்பம்போல் உள்ளேயும் வெளியேயும் போய்வர விடுவது. வெளியே 11 டிகிரியாக உள்ள வெயில் நாளில் உள்ளே 25 டிகிரியைத் தாண்டும். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை ஆமைக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது என்றே சொல்வேன். எங்கள் தோட்டத்தில் அது வந்த ஆண்டிலிருந்துதான் பாட்டி ஏப்ரலிலேயே தானாக மேயத் தொடங்கியது. ஒரு கவனம் வேண்டும்: சாதாரணப் பாலிகார்பனேட் தகடும் சன்னல் கண்ணாடியும், ஓட்டையும் எலும்பையும் உறுதியாக்கும் யுவிபி வகைப் புற ஊதாக் கதிரை உள்ளே விடுவதில்லை. வெளியே வந்தால்தான் அது கிடைக்கும். குளிர்கால உறக்கத்துக்கும் இதே குடிலைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. மண்ணின் ஆழத்தில் வெப்பநிலை உணரியைப் புதைத்து, உறைபனிக்கு வெப்பக் கம்பி போட்டு, எலி நுழையாமல் அடியில் கம்பி வலை விரித்து அதைச் செய்ய முடியும். ஆனால் பிப்ரவரி வெயில் அடிக்கும் ஒரு நண்பகலில் குடில் சூடேறி ஆமையை எழுப்பிவிடும் என்பதால், பகலில் வீட்டில் ஆள் இல்லாத குடும்பத்துக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

எஞ்சியவை இரண்டு வழிகள். குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் விளக்கின் கீழ் விழித்திருக்க வைப்பது ஒன்று. குளிர்சாதனப் பெட்டியில் உறங்க வைப்பது மற்றொன்று.

விழித்திருக்க வைப்பது இரக்கமான வழியாகத் தோன்றும். ஆனால் அதை ஒழுங்காகச் செய்தால் மட்டுமே அது இரக்கம். எடின்பரோவில் டிசம்பர் கடைசியில் பகல் ஏழு மணி நேரம்தான். வானமும் பெரும்பாலும் சாம்பல் நிறம். அந்த வெளிச்சக் குறைவை உணரும் ஆமை, அறை எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தாலும் தீனியை விட்டு மூலையில் முடங்கும். அதை மாற்ற, மேல் திறந்த அகன்ற மரத்தொட்டி ஒன்றின் ஒரு முனையில் தரையளவில் 32 முதல் 35 டிகிரி தரும் வெப்ப விளக்கும், தொட்டியின் நீளத்துக்கு யுவிபி குழல் விளக்கும், கண் கூசும் அளவுக்குப் பகல் வெளிச்சம் தரும் விளக்குகளும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிய வேண்டும். யுவிபி குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் கதிர் குறைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். இரவில் 12 டிகிரி வரை இறங்கினாலும் மறுநாள் முழுச் சூடு கிடைத்தால் மத்தியதரை இனங்களுக்குக் கெடுதல் இல்லை. பகலும் அப்படியே கிடப்பதுதான் கெடுதல்.

100 வாட் வெப்ப விளக்கும் 39 வாட் குழலும் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் நாளுக்கு ஏறத்தாழ 1.7 யூனிட், ஐந்து மாதத்துக்கு 250 யூனிட். பணம் ஒரு பக்கம் இருக்க, எனக்குப் பெரிய தலைவலி தீனிதான். கோடையில் தோட்டத்து டேன்டெலியனும் கிளோவரும் நெருஞ்சி வகைக் களைகளும் இலவசம். ஜனவரியில் கடையில் கிடைப்பது நீர்ச்சத்து மிகுந்த, நார்ச்சத்து குறைந்த லெட்டூஸ் கீரை. அதையே நான்கு மாதம் கொடுத்தால் வயிறு இளகும், வளர்ச்சி கோணும். சன்னலோரத் தட்டுகளில் களை விதை முளைக்க வைத்தும், கோடையில் உலர்த்திச் சேமித்த இலையை நனைத்தும், முள்நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலை நறுக்கியும் அந்த முதல் ஆண்டின் மிச்ச மாதங்களை ஓட்டினேன். செய்ய முடிகிற வேலைதான். ஆனால் வெறும் கூடத்து வெப்பத்தையும் ஒரு மேசை விளக்கையும் நம்பி "உள்ளே வைத்திருக்கிறோம்" என்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. அவர்கள் செய்வது மெதுவாகப் பட்டினி போடுவது.

குளிர்சாதனப் பெட்டியில் ஆமையை வைப்பது என்று சொன்னாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தேன். அதை மூன்றாம் ஆண்டில் முயன்று, இன்றுவரை விடாமல் செய்வதற்குக் காரணம், 5 டிகிரியை நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மாறாமல் தரக்கூடிய ஒரே இடம் அதுதான். தனிப் பெட்டி வேண்டும்; உணவோடு சேர்த்து வைக்கக் கூடாது, ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். உறைபனி அறை இல்லாத சாதாரண வகை போதும். வாங்கிய உடனே ஆமையை உள்ளே வைக்காமல் இரண்டு வாரம் வெறுமனே ஓடவிட்டு, ஒவ்வொரு தட்டிலும் வெப்பநிலையைக் குறித்துப் பார்க்க வேண்டும். பின்சுவரை ஒட்டிய இடம் உறைநிலைக்கு அருகே போகும் என்பதை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். காலியிடத்தில் தண்ணீர் நிரப்பிய புட்டிகளை அடுக்கினால் கதவைத் திறக்கும்போதும் வெப்பநிலை தாவாது.

பெட்டியை வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும். வெப்பமில்லாத கொட்டகையில் வைத்தால், சுற்றுப்புறம் 10 டிகிரிக்குக் கீழே போகும்போது பல பெட்டிகள் சரியாக இயங்குவதில்லை. உறைபனி இரவில் உள்ளேயும் உறைந்துவிடும். பெட்டி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் இதைக் கவனிக்காமல் ஆமையை இழந்தவர்கள் உண்டு.

முன்தயாரிப்பில்தான் பாதி வெற்றி. பாட்டியின் அளவுள்ள ஆமைக்கு உறக்கத்துக்கு முன் மூன்று முதல் நான்கு வாரம் தீனி நிறுத்தப்பட வேண்டும். சிறிய ஆமைக்கு இரண்டு வாரம் போதும். தீனியை நிறுத்தினாலும் முதலில் விளக்கை நிறுத்தக் கூடாது, சூடு இருந்தால்தான் குடல் காலியாகும். அந்த வாரங்களில் நாள்தோறும் தாடை மட்டத்துக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றிய தட்டில் கால் மணி நேரம் உட்கார வைத்தால் அது குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொள்ளும். கடைசி வாரங்களில் விளக்கு நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து, 15 டிகிரி, 10 டிகிரி என்று இறக்கி, பிறகு பெட்டி. காற்றுத்துளையிட்ட நெகிழிப் பெட்டியில், கையளவு ஆழமான மண்ணில், அது தன் மூக்கைப் புதைத்துக்கொள்ளும்.

பிறகு நாள்தோறும் காலையில் கதவைத் திறந்து, அதை விசிறி போல இரண்டு மூன்று முறை ஆட்டி, காற்று மாற்றி மூடுவது, வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை பார்ப்பது, அவ்வளவுதான் வேலை. மாதத்துக்கு உடல் எடையில் 1 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் அளவு. போன குளிர்காலத்தில் பாட்டி 1,905 கிராமில் உள்ளே போய், பதினொரு வாரம் கழித்து 1,868 கிராமில் வெளியே வந்தது. எடை பார்க்கும்போது பின்காலை லேசாகத் தொட்டால் மிக மெதுவாக, ஒரு மூச்சு எண்ணும் நேரத்துக்குப் பிறகு, உள்ளிழுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் மழை பெய்து ஓய்ந்த தோட்டத்து மண் வாசனை மட்டுமே வீசும். வேறு நாற்றம் வந்தால் ஏதோ சரியில்லை என்று பொருள்.

இந்த வழியின் பெரிய நன்மை வெப்பநிலை மட்டுமன்று, காலத்தின் நீளமும் நம் கையில் இருப்பது. ஸ்காட்லாந்துத் தோட்டத்தில் தன் போக்கில் விடப்பட்ட ஆமை அக்டோபரில் படுத்து ஏப்ரல் கடைசியில்தான் எழும்; ஆறு மாதம் உறங்குவதற்கு வேண்டிய சேமிப்பை இங்குள்ள குட்டையான கோடை தருவதில்லை. கிரேக்கத்து மலையடிவாரத்தில் வாழும் அதே இனம் அவ்வளவு நாள் உறங்குவதில்லை. பெட்டி இருந்தால் வளர்ந்த ஆமைக்குப் பத்துப் பன்னிரண்டு வாரம் என்று நாமே வரையறுக்கலாம். ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: நவம்பருக்கு முன்னும் பிப்ரவரிக்குப் பின்னும் வெளியே இன்னும் குளிராகத்தான் இருக்கும், ஆகவே விளக்குத் தொட்டி இல்லாமல் குளிர்சாதனப் பெட்டி முறை நடக்காது. பெட்டி வாங்கினால் விளக்குச் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் பிப்ரவரியில் விழித்த ஆமையை வைக்க இடமில்லாமல் அதே நடுச்சூட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். உண்மையில் ஒப்பிட வேண்டியது விளக்கு மட்டும் என்பதையும், விளக்கோடு பெட்டி என்பதையும்தான்.

என் முடிவு நலமாக உள்ள வளர்ந்த ஆமைக்கு இரண்டாவது. நோயுற்றது, எடை குறைந்தது, மூக்கொழுகுவது, கோடையின் பிற்பகுதியில் புதிதாக வீட்டுக்கு வந்தது ஆகியவற்றுக்கு அந்த ஆண்டு உறக்கம் கூடாது. உறங்கும் உடம்பு நோயோடு போராடாது. வட ஆப்பிரிக்காவின் வெப்பமான கடலோரத்திலிருந்து வந்த கிரேக்க ஆமை வகைகள் சில, குறிப்பாகத் துனிசியாவைச் சேர்ந்தவை, உறக்கத்துக்கு ஏற்றவை அல்ல. பூர்வீகம் தெரியாத ஆமையை, ஆமைகளை அறிந்த மருத்துவரிடம் ஆகஸ்டு மாதமே காட்டிவிடுவது நல்லது. அக்டோபரில் ஓடினால் காலம் கடந்துவிடும். குஞ்சுகளைப் பற்றி வளர்ப்போரிடையே கருத்து வேறுபாடு உண்டு. காட்டில் குஞ்சும் உறங்குகிறது என்பது சரியான வாதம்தான். ஆனால் 40 கிராம் உடம்பில் தராசின் பிழையே ஆபத்தை மறைத்துவிடும் என்பதால், முதல் முறை வளர்ப்பவர் முதல் ஆண்டில் விளக்கின் கீழ் வைத்திருப்பதே மேல் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு மூன்று நான்கு வாரத்தில் தொடங்கலாம்.

நம் குடும்பங்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது: பள்ளி விடுமுறையை ஒட்டி டிசம்பரில் ஊருக்குப் போவது. விளக்கின் கீழ் உள்ள ஆமைக்கு நாள்தோறும் தீனியும் நீரும் வைக்க, வெப்பம் பார்க்க, விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். விளக்கு அணைந்தால் ஒரு நாளிலேயே தொட்டி குளிர்ந்துவிடும். உறங்கும் ஆமைக்கு நாளுக்கு ஒரு நிமிடம் கதவைத் திறந்து மூட ஒருவர் போதும். மின்சாரம் ஓர் இரவு போனாலும் நன்கு அடைத்த பெட்டி மெதுவாகத்தான் சூடேறும். ஆனால் யாரும் இல்லாமல் விட்டுப் போவது இரண்டிலும் கூடாது. நாங்கள் ஊருக்குப் போன ஆண்டில் பக்கத்து வீட்டு மாணவி ஒருத்தி தினமும் வெப்பமானியைப் படமெடுத்து அனுப்பினாள். மூன்றாம் வாரம் ஒரு காலை 8 டிகிரி என்று வந்தது. கதவு சரியாக மூடவில்லை. மதுரையிலிருந்து அவளை எழுப்பிச் சரி செய்ய முடிந்தது.

எழுப்புவதும் உறங்க வைப்பதைப் போலவே கவனத்துக்குரியது. பெட்டியிலிருந்து எடுத்து, அறை வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து, பிறகு விளக்கின் கீழ். முதலில் தீனி அல்ல, தண்ணீர். உறக்கத்தில் சிறுநீரகத்தில் தங்கிய கழிவை வெளியேற்றும் வரை அதற்குப் பசிக்காது. போன பிப்ரவரியில் பாட்டியை வெதுவெதுப்பான நீரில் உட்கார வைத்தபோது, ஐந்து நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு, மூக்கு நீரில் மூழ்கும்படி தலையைத் தாழ்த்தியது; பிறகு தொண்டை மேலும் கீழுமாக, ஒரே சீராக, நான் எண்ணி முப்பத்தொரு முறை அசைந்தது. சற்று நேரத்தில் தட்டில் வெண்ணிறக் கழிவு சுண்ணாம்புக் குழம்பு போல வந்தது. ஐந்தாம் நாள் காலை, சன்னலோரத் தட்டில் வளர்த்திருந்த டேன்டெலியனைக் கடித்தது. ஒரு வாரம் விளக்கின் கீழ் இருந்தும் தின்னாவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்த ஆண்டுக்கான நாள்களைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்: அக்டோபர் 29 கடைசித் தீனி, நவம்பர் 15 வரை முழு விளக்கும் நாள்தோறும் நீரும், அதன் பிறகு பத்து நாளில் படிப்படியாகக் குளிர், 26 காலை எடை பார்த்து உள்ளே. பெட்டி நேற்றிலிருந்து வெறுமனே ஓடிக்கொண்டிருக்கிறது. நடுத்தட்டில் இப்போது 5.2 டிகிரி.